கறுப்புச் சேறும் பழுப்புத் தோலும்: வாசகர் கேள்வி – பதில்

நீரோடி, தேங்காப்பட்டணம், மணவாளக்குறிச்சி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பூவார், பாறசாலை என்று கடலோரத்திலிருந்தும் அதன் அருகிலிருந்தும் வந்த கடிதங்களில் பல கடலடி மண்ணைப் பற்றியவை. அவற்றை மட்டும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் கரை முழுக்கக் கருமணல். பலமான காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறது. அப்படியானால் எங்கள் கடலில்தானே இரும்புச் சத்து மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்? – மண்டைக்காடு வாசகர்

அப்படி இல்லை. கருமணலில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு இறுகிய படிகம் அது. தூய இல்மனைட்டின் எடையில் சுமார் 37 சதவீதம் இரும்புதான், ஆனால் கடல்நீருக்கு அது எட்டாத இரும்பு. பாறை சிதைந்து, ஆற்றில் உருண்டு, அலையில் காலங்காலமாக அடிபட்டும் கரையாமல் மிஞ்சியதால்தான் அந்த மணல் உங்கள் கரையில் குவிந்து கிடக்கிறது. எளிதில் கரைகிற பொருளாக இருந்திருந்தால் கரைக்கே வந்து சேர்ந்திருக்காது.

கடலுக்கு, அதாவது அதில் வளரும் மிதவைப் பாசிக்கு, உதவுகிற இரும்பு வேறிடத்தில் இருக்கிறது. குழித்துறை ஆறு மழைக்காலத்தில் சிவந்து வருகிறதல்லவா? அந்தச் செம்மண் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய துருப் பூச்சுதான் அது. துகள் எவ்வளவு நுண்ணியதோ, பூச்சு எவ்வளவு புதியதோ, அவ்வளவு எளிதாக அது வேதிவினையில் இறங்கும். ஒரு கிலோ கருமணலில் உள்ள இரும்பைவிட ஒரு கிலோ களிமண் சேற்றில் உள்ள இரும்பு மிகக் குறைவு. கடலுக்குக் கிடைக்கும் கணக்கில் சேறே முந்துகிறது. மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைவிட, அது எந்த வடிவத்தில் இருக்கிறது, வெளியேற வழி திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றையே சுற்றி வருகின்றன.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் மனதில் கொள்ளுங்கள். கரையை விட்டுத் தள்ளிய நடுக்கடலின் மேல்நீரில் கரைந்த இரும்பு பெரும்பாலும் லிட்டருக்கு 0.1 – 0.2 நானோமோல் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அளவு, நானோமோல் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு). 0.2 என்றே வைத்தாலும், வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி நிறையக் கடல்நீர் எடுத்தால் அதில் சுமார் 11 மைக்ரோகிராம் இரும்பு. அதற்காகத்தான் மிதவைப் பாசிகள் போட்டியிடுகின்றன.

கேள்வி: கரமடி இழுக்கும்போது சில நேரம் கறுப்புச் சேறு ஏறும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கரையில் கிடந்தால் மறுநாள் பழுப்பாகிவிடுகிறது. ஏன்? – தேங்காப்பட்டணம் மீனவர்

ஆய்வுக்கூடத்தில் காட்டவேண்டிய ஒன்றை உங்கள் கண்ணே கண்டுவிட்டது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

செத்த பாசி, மீன் கழிவு, ஆறு கொண்டுவரும் இலைதழை எல்லாம் கடலடியில் விழுகின்றன. அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு நம்மைப்போலவே மூச்சுவிட ஏதாவது வேண்டும். முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. கரையோரச் சேற்றில் அது சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்புத் துரு, பிறகு சல்ஃபேட் என்று வரிசையாகப் போகும். எதில் கூடுதல் ஆற்றல் கிடைக்குமோ அது முதலில் தீரும்.

இரும்பின் முறை வரும்போது கரையாத ஃபெரிக் வடிவம் கரையக்கூடிய ஃபெரஸ் வடிவமாக மாறி, சேற்றுத் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீரில் சேர்கிறது. மேலே நடுக்கடலில் நானோமோல் கணக்கில் இருப்பது இங்கே லிட்டருக்குப் பத்து, நூறு மைக்ரோமோல் என்று ஏறிவிடும் (ஒரு மைக்ரோமோல் ஆயிரம் நானோமோல்). ஐம்பதாயிரத்திலிருந்து பத்து லட்சம் மடங்குவரை வித்தியாசம். அதனால் அது மேல்நோக்கிப் பரவப் பார்க்கிறது.

அங்கேதான் தடை. மேலே இருக்கும் ஆக்சிஜன் படலத்தைத் தொட்டவுடன் ஃபெரஸ் மறுபடி துருவாகி அங்கேயே படிந்துவிடும். சேற்றின் மேல் நீங்கள் பார்க்கும் பழுப்புத் தோல் அதுதான். அந்தத் தோல் தடிப்பாக இருந்தால் இரும்பு வெளியே வருவது சொற்பம். கடல்நீரில் ஆக்சிஜன் குறைந்து தோல் மெலிந்தால் வழி திறக்கும்.

கறுப்பு நிறம் அடுத்த கட்டம். கடல்நீரில் சல்ஃபேட் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் இருக்கிறது, ஏராளம். பாக்டீரியா அதை மூச்சுக்குப் பயன்படுத்தினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். முட்டை நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்து கறுப்பான இரும்பு சல்ஃபைடு ஆகி, நாளடைவில் பைரைட்டாக இறுகும். அப்படிப் பிடிபட்ட இரும்பு கடலுக்கு வராது. ஆக, ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் இரும்பு சிக்கிக்கொள்ளும், முற்றிலும் தீர்ந்து சல்ஃபைடு பெருகினாலும் சிக்கிக்கொள்ளும். இடைப்பட்ட நிலையில்தான் கூடுதலாக வெளியேறும். கரையில் கொட்டிய சேற்றில் காற்று பட்டதும் இரும்பு சல்ஃபைடு உடைந்து துருவாகிறது, அதுதான் மறுநாள் பழுப்பு. கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் காயல் ஓரச் சேற்றிலும் இதையே பார்க்கலாம்.

வெளியே வந்த இரும்பு எவ்வளவு தூரம் போகும்? இளஞ்சூட்டுக் கடல்நீரில், பி.எச். 8-ல், ஆக்சிஜன் நிறைந்திருந்தால் ஃபெரஸில் பாதி சில நிமிடங்களிலேயே துருவாகிவிடும். ஆனால் இந்த வேகம் நிலைமையைப் பொறுத்தது. பி.எச். 0.4 குறைந்தால் வேகம் சுமார் ஆறில் ஒரு பங்காகும். ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்கானால் வேகமும் பத்தில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 60 மடங்கு தாமதம், 2 நிமிடம் என்பது 2 மணி நேரமாகிறது. அதற்குள் நீரோட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதோடு, பாக்டீரியாவும் பாசியும் வெளியிடும் சில கரிம மூலக்கூறுகள் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பில் 99 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் பிடிபட்டு இருப்பதுதான். அந்தப் பிடி இல்லாவிட்டால் அது படிந்துபோயிருக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆலப்புழைப் பக்கம் சாகரா எனும் சேற்றுத் திட்டு வந்தால் மீன் கொட்டுகிறது. அந்தச் சேற்றிலிருந்து வரும் இரும்புதான் காரணமா? – நீரோடி வாசகர்

இரும்புக்குப் பங்கு உண்டு. முதல் காரணம் அதுவல்ல.

தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு வருகின்றன, பாசி பெருகுகிறது, சாளை அதைத் தேடி வருகிறது. சாகரா இருக்கும் இடத்தில் குழம்புபோன்ற சேறு அலையின் வேகத்தைக் குடித்துவிடுவதால் கடல் அமைதியாகிறது. மற்ற இடத்தில் வள்ளம் இறக்க முடியாத நாட்களில் புறக்காட்டிலும் ஆலப்புழையிலும் இறக்க முடிகிறது. கரிக்காடி இறாலும் சாளையும் அங்கே குவிந்து பிடிபடுவதில் இந்த அமைதிக்கும் பெரும் பங்கு.

இரும்பு எங்கே வருகிறது என்றால், மேலேறும் அந்த நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 1950-களின் இறுதியில் கொச்சிக்கு அப்பால் வேலை செய்த கடலியலாளர் கார்ல் பான்சே, இந்த நீர் கரையேறும்போது அடிமீன்கள் விலகிப்போவதை எழுதியிருக்கிறார். அந்த நீர் அகன்ற, சேறு படிந்த கரைமேடையின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) மேல் மாதக்கணக்கில் நிற்கிறது. முன்னே சொன்ன பழுப்புத் தோல் மெலிய இதைவிட நல்ல சூழ்நிலை இல்லை. ஆகையால் நம் பக்கத்தில் பாசிக்கு இரும்புத் தட்டுப்பாடு வருவது அரிது. இரும்பு இருப்பதால் நைட்ரேட் வீணாகாமல் முழுக்கப் பயன்படுகிறது என்று சொல்வது பொருத்தம்.

இதே அரபிக்கடலின் மறுகரையைப் பாருங்கள். ஓமன் பக்கம் பருவக்காற்றின் பிற்பகுதியில் மேல்நீரில் நைட்ரேட் மிஞ்சியும் பாசி அதற்கேற்ப வளராமல் இரும்புத் தட்டுப்பாட்டின் அறிகுறி தென்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இந்த வேறுபாடு தெளிவு. மான்டெரே விரிகுடாப் பக்கம் சேறு படிந்த அகன்ற மேடை, அங்கே இரும்பு தாராளம். தெற்கே பிக் சர் கரையில் மேடை மிகக் குறுகியது, அங்கே இரும்புக்குப் பஞ்சம். மேலேறும் நீர் சேற்றைத் தடவிக்கொண்டு வருகிறதா, பாறைச் சரிவை ஒட்டி நேராக எழும்புகிறதா என்பதே வித்தியாசம்.

கேள்வி: இரும்பு மட்டும்தானா, தாமிரம், துத்தநாகம் எல்லாம் வருமா? – களியக்காவிளை வாசகர்

மாங்கனீசு வரும், இரும்பைவிட எளிதாக. இரும்புக்கு முன்பே கரைகிறது, மறுபடி ஆக்சிஜனோடு சேர நாட்கணக்கில், சில சமயம் அதற்கும் மேல் எடுக்கும். அதனால் கரையிலிருந்து வெகுதூரம் போகும். மாங்கனீசு ஆக்சைடில் ஒட்டியிருக்கும் கோபால்ட் அதன் கூடவே வெளியேறும். தாமிரம் பெரும்பாலும் மேல்தோலிலேயே, கரிமப் பொருள் சிதையும்போது விடுபடும். காட்மியம், மாலிப்டினம், யுரேனியம் ஆகியவற்றுக்கு ஆக்சிஜனற்ற சேறு கொடுக்கிற இடமல்ல, வாங்கி வைத்துக்கொள்கிற இடம். சல்ஃபைடு உள்ள சேற்றில் துத்தநாகமும் பெரும்பாலும் அப்படியே. எனவே ஒரே சேறு ஒரு உலோகத்தைக் கொடுத்துக்கொண்டே இன்னொன்றை விழுங்கும்.

கேள்வி: சேற்றிலிருந்து எவ்வளவு இரும்பு வருகிறது என்று எப்படி அளக்கிறார்கள்? என் முதுகலைத் திட்டத்துக்காகக் கேட்கிறேன். – மார்த்தாண்டம் மாணவி

இரண்டு வழி. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் விடை நம்பத்தக்கது.

முதல் வழி கணக்கு. குழாயால் சேற்றைக் கலங்காமல் எடுத்து, நுண்துளைக் குச்சி வடிகட்டியைப் பக்கவாட்டில் செருகி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சேற்றிடை நீரை உறிஞ்ச வேண்டும். மேல் 3 செ.மீ.யில் அரை சென்டிமீட்டருக்கு ஒன்று எடுத்தால் நல்லது. பிறகு, செறிவு வேறுபாட்டிலிருந்து பரவலைக் கணக்கிடும் ஃபிக் விதி. ஒரு எடுத்துக்காட்டு: 1 செ.மீ. ஆழத்தில் ஃபெரஸ் லிட்டருக்கு 50 மைக்ரோமோல் (கன செ.மீ.க்கு 0.05), மேற்பரப்பில் பூச்சியம், சேற்றில் நீரின் பங்கு 0.8 என்று வையுங்கள். 25 பாகையில் ஃபெரஸின் பரவல் எண் வினாடிக்குச் சுமார் 0.000007 சதுர செ.மீ. சேற்றுக்குள் வளைந்து நெளிந்து போகவேண்டியிருப்பதால் அதை 1.45-ஆல் வகுக்க வேண்டும் (1-லிருந்து, 0.8-இன் வர்க்கத்தின் இயல் மடக்கையைக் கழித்தால் வருவது இந்த 1.45). நாளொன்றுக்கு 0.42 சதுர செ.மீ. கிடைக்கும். 0.8 × 0.42 × 0.05 என்று பெருக்கினால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 மைக்ரோமோல்.

இந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். அது தோல்வரை வருவது, தோலைத் தாண்டியது அல்ல. மேலே ஆக்சிஜன் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மறுபக்கம், புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி நீரை உள்ளும் புறமும் இறைத்தால் உண்மை அளவு கணக்கைவிடக் கூடும். சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால் இந்த மில்லிமீட்டர் நாடகம் கண்ணில் படவே படாது.

இரண்டாவது வழி கவிழ்த்த பெட்டி. அடியில்லாத பிளாஸ்டிக் பெட்டியைக் கடலடியில் அழுத்தி, மூடிய நீரிலிருந்து சில மணிக்கொரு முறை ஊசிக்குழலால் மாதிரி எடுக்க வேண்டும். உள்ளே நீர் 20 செ.மீ. உயரம், 12 மணி நேரத்தில் இரும்பு லிட்டருக்கு 5 நானோமோலிலிருந்து 45-க்கு ஏறியது என்றால், நாளுக்கு 80, அதாவது கன மீட்டருக்கு 80 மைக்ரோமோல். உயரத்தால் (0.2 மீ.) பெருக்கினால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 16 மைக்ரோமோல். எடையில் 0.9 மில்லிகிராம். முன்னே சொன்ன 1,000 லிட்டர் தொட்டிகள் 80-க்கு இது போதும்.

இதில் தவறு நேரும் இடங்கள் பல. மூடிய பெட்டிக்குள் சேறு ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிமோல் குடிக்கும் சேறு, அந்த 12 மணி நேரத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோமோலைத் தீர்த்துவிடும். வெளியே 100 இருந்திருந்தால் உள்ளே பாதி. அதனால் தோல் மெலிந்து, இயற்கையில் வராத இரும்பு பெட்டியில் வரும். ஆக்சிஜன் உணரி உள்ளே இருந்தே ஆகவேண்டும், நேர்கோட்டில் ஏறும் முதல் பகுதியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். கலக்கி மெதுவாகச் சுழல வேண்டும். வேகம் கூடினால் சேறு கிளம்பும், நின்றுபோனால் அடிநீர் தேங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மாசு. கப்பலே இரும்பு, சங்கிலி இரும்பு, துரு காற்றிலேயே பறக்கும். ஆழ்கடல் மாதிரிகளுக்கு டைட்டானியச் சட்டம், செயற்கை இழைக் கயிறு, உள்ளே உலோகம் படாத குடுவை, வடிகட்டிய காற்று ஊதும் அறை வேண்டும். பாலித்தீன் பாட்டில்களைச் சோப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாட்கணக்கில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலச வேண்டும். மாதிரியை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தூய அமிலத்தால் பி.எச். 1.8-க்குக் கீழே கொண்டுவந்து மூடி வைக்க வேண்டும். அமிலம் சேர்க்காவிட்டால் இரும்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும். சேற்றிடை நீரையோ நைட்ரஜன் நிறைத்த பையில் வைத்தே எடுங்கள். காற்றில் எடுத்தால் வடிகட்டும் முன்பே துருவாகி வடிகட்டியில் நின்றுவிடும். பூச்சிய மாதிரி, அதாவது தூய நீரை எல்லாப் படிகளிலும் நடத்திப் பார்ப்பது, ஒவ்வொரு நாளும் ஒன்றாவது இருக்கட்டும்.

உலக அளவில், 2004-இல் எல்ராட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் கலிஃபோர்னியக் கரைமேடையின் பெட்டி அளவீடுகளை வைத்து, கரைமேடைச் சேறு ஆண்டுக்குச் சுமார் 8,900 கோடி மோல் இரும்பு தருகிறது என்று மதிப்பிட்டார்கள். எடையில் ஏறத்தாழ 50 லட்சம் டன். இதில் பெரும்பகுதி அருகிலேயே மறுபடி படிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: நடுக்கடலில் எடுத்த நீரில் உள்ள இரும்பு சேற்றிலிருந்து வந்தது, தூசியிலிருந்து அல்ல என்று எப்படிச் சொல்ல முடியும்? – பூவார் வாசகர்

இரும்பின் ஐசோடோப்புகளால், அதாவது எடை வேறுபட்ட இரும்பு அணுக்களால். பாக்டீரியா துருவைக் கரைக்கும்போது இலேசான இரும்பு-54 முந்திக்கொண்டு வெளியேறும். அப்படி வந்த இரும்பு பாறை இரும்பைவிட ஆயிரத்துக்கு 1 முதல் 3 வரை இலேசாக இருக்கும். பாலைவனத் தூசியின் இரும்பு ஏறத்தாழப் பாறையைப் போலவே. 2014-இல் ஆய்வாளர்கள் கான்வேயும் ஜானும் வட அட்லாண்டிக் குறுக்கே இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, கரைந்த இரும்பில் 71 முதல் 87 சதவீதம் சகாராத் தூசி என்று வந்தது. ஆக்சிஜன் நிறைந்த கடலடியிலிருந்து 10 முதல் 19 சதவீதம் வந்திருந்தது. ஆக்சிஜன் இருந்தால் சேறு அறவே கொடுக்காது என்ற எண்ணத்தை இது திருத்தியது. மண்துகள் மெல்லச் சிதைந்து, நுண்கூழ்மமாகவும் (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகளாகவும்) இரும்பு வெளியேறுகிறது.

இன்னொரு அடையாளம் ரேடியம்-228. இதில் உங்கள் கரைக்கு நேரடித் தொடர்பு உண்டு. மணவாளக்குறிச்சி, சவரா மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 சிதையும்போது பிறப்பது ரேடியம்-228, அதன் அரை ஆயுள் 5.75 ஆண்டு. தோரியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ரேடியமோ உப்புநீரில் கரைந்து வெளியேறும். எல்லாக் கடலடி மண்ணிலும் கொஞ்சம் தோரியம் உண்டு என்பதால், கரையை விட்டுப் போகப் போக ரேடியம்-228 குறைவதை வைத்து, கரைமேடை நீர் எவ்வளவு விரைவாக நடுக்கடலோடு கலக்கிறது என்று கணிக்கலாம். அதே பாதையில் இரும்பும் மாங்கனீசும் எவ்வளவு குறைகின்றன என்று ஒப்பிட்டால் உலோகத்தின் வரத்தும் கிடைக்கும். மோனசைட் மணல் தோரியத்தில் செழித்ததுதான், ஆனால் கரடுமுரடான மணியின் நடுவில் பிறக்கும் ரேடியம் உள்ளேயே கிடக்கும். மேற்பரப்பை ஒட்டிப் பிறப்பது மட்டுமே தப்பும். இங்கும் நுண்ணிய சேறே மணலைவிட எடைக்கு எடை கூடுதலாக வெளியே விடும்.

கேள்வி: இதை வகுப்பில் காட்ட வழி உண்டா? – பாறசாலை ஆசிரியை

உண்டு டீச்சர், செலவும் அதிகமில்லை. பொழி (ஆறோ காயலோ கடலில் சேரும் இடம்) ஓரத்துச் சேற்றைக் கொசுவலையில் சலித்து, கல்லையும் சிப்பியையும் நீக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 8 செ.மீ. சேறு, கால் தேக்கரண்டி கருவாட்டுத் தூள் சேர்த்துப் பிசையுங்கள். மேலே அதே இடத்து நீரைக் கரண்டியின் மேல் விட்டுக் கலங்காமல் ஊற்றுங்கள். ஒன்றில் 5 செ.மீ. நீர் ஊற்றித் துணியால் மூடுங்கள். மற்றதில் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் இறுக்கி மூடுங்கள். இரண்டும் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வைத்தால் பாசி வளர்ந்து ஆக்சிஜன் விட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

ஒன்றிரண்டு வாரத்தில் திறந்த பாட்டிலில் சில மில்லிமீட்டர் பழுப்புத் தோல், கீழே கறுப்பு. மூடியதில் தோல் மறையும். பிறகு மூடியை மாற்றிப்போட்டால் அதுவும் மாறும். கருவாட்டுத் தூள் கூடிப்போனால் முழுக்கக் கறுத்துவிடும், மணல் கூடுதலாக இருந்தால் எல்லைக்கோடு தெளியாது.

இரும்பையும் காட்ட வேண்டுமென்றால், மூன்றாவதாக ஒரு பாட்டிலில் வயல் சேறும் கிணற்று நீரும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குழலில் மெல்லிய குழாய் மாட்டி, 3 செ.மீ. ஆழத்திலிருந்து 5 மி.லி. நீரை இழுத்து, ஒரு நிமிடத்துக்குள் வடிகட்டி, ஒரு சதவீத பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலிலிருந்து சில துளியை அதில் விடுங்கள். நீலம் வந்தால் ஃபெரஸ். அளவு குறைவானால் பச்சையாகத் தெரியும், கரைசலின் மஞ்சள் சேர்வதால். வயல் சேறு நன்றாக நீலம் காட்டும். கடல் சேறு காட்டாமலும் போகலாம், சல்ஃபைடு அங்கே இரும்பைப் பிடித்துவிட்டது என்று பொருள். அந்த ஒப்பீடுதான் பாடத்தின் உயிர். ஃபெரிசயனைடு கரைசலில் அமிலம் சேர்க்கவே கூடாது. நாற்றமுள்ள பாட்டிலைத் திறந்த வெளியில் மட்டும் திறங்கள், பிள்ளைகள் மூக்கை அருகே கொண்டுபோக விடாதீர்கள்.

கேள்வி: இழுவை மடி கடலடியை உழுகிறது. அதனால் இந்தச் சத்து கூடுதலாக வெளியே வந்து நன்மைதானே? – குளச்சல் விசைப்படகு ஓட்டுநர்

ஒரு நொடிக்குக் கூடும். மடி சில சென்டிமீட்டர் சேற்றைப் புரட்டும்போது உள்ளே இருந்த நீர் ஒரேயடியாக வெளியே கொட்டுகிறது. அடிநீரில் ஆக்சிஜன் இருந்தால் ஃபெரஸ் நிமிடங்களில் துருவாகி அதே இடத்தில் விழும். மாங்கனீசு மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். அதற்கு ஈடாகப் போவது பெரிது. வளை தோண்டி நாள்தோறும் நீரை இறைத்துக்கொண்டிருந்த புழுக்கள் நசுங்கிப்போகும். பாக்டீரியாவுக்கு உணவான நுண்ணிய கரிமப் பொருள் கலங்கி வேறிடம் போகும். உழுத வயல்போலச் சத்து பெருகும் என்ற ஒப்புமை கடலடிக்குப் பொருந்தாது, அங்கே வேலை செய்வது அடுக்கு குலையாத அந்த மேல் சில மில்லிமீட்டர்தான். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அது முடிந்து படகுகள் இறங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அப்போது மடியில் சேறு கறுப்பாக ஏறி, மீன் ஏறாவிட்டால் அங்கே மறுபடி மறுபடி இழுப்பதில் பயனில்லை. அடிமீன் ஆக்சிஜன் தேடி விலகியிருக்கும். இழுவையை வேறு ஆழத்துக்கு மாற்றுங்கள்.